40 பெயர் 1,312 ஆனது எப்படி? நெடுவரிசையில் சிதறிக் கிடக்கும் மதிப்புகளை எந்த வரிசையில் சுத்தம் செய்வது?

#1 கிடங்குக்_கணக்கு

48,000 ரோ கொண்ட ஒரு சிஎஸ்வி ஃபைல் (காற்புள்ளியால் பிரித்த உரை அட்டவணை). அதில் ‘கிடங்கு’ என்று ஒரு நெடுவரிசை. உண்மையில் இருப்பவை 40 கிடங்குகள். பிவட் (எக்செல்லின் தொகுப்பு அட்டவணை) போட்டால் 1,312 பெயர் வருகிறது. மாதிரிக்குச் சில:

கிடங்கு 1
கிடங்கு-1
1ஆம் கிடங்கு
கிடங்கு எண்: 01
கிடங்கு ௧
ஔடதக் கிடங்கு
ஒளடதக் கிடங்கு
ஒளிவிளக்குக் கிடங்கு
பொதுக் கிடங்கு (இது மட்டும் மூன்று தடவை வருகிறது, மூன்றும் பார்வைக்கு ஒன்றே)
-
இல்லை

டிரிம் (தேவையற்ற ஸ்பேஸை வெட்டும் ஃபங்ஷன்) போட்டாயிற்று. 1,140 வரைதான் இறங்கியது. இதுபோக, 600 ரோவுக்கு மேல் தமிழே தெரியவில்லை, ஐரோப்பிய எழுத்தும் குறியுமாக உடைந்து நிற்கிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு? ஒரே ஃபார்முலாவில் முடிக்க வழி உண்டா?

#2 எக்செல்_எலி

ஒரே ஃபார்முலால முடியாது. முதல்ல கண்ணை நம்புறதை விடுங்க, குறியீட்டு எண்ணைப் (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தர்ற எண்) பாருங்க.

மூணா பிரிஞ்சு நிக்கிற ‘பொதுக் கிடங்கு’ல ஒண்ணு ஏ2ல இருக்குன்னு வைங்க. பக்கத்துல காலியா இருக்கிற செல்லுல இதைப் போடுங்க (ஃபங்ஷன் பெயரை இங்க தமிழ்ல எழுதுறேன், நீங்க ஆங்கிலத்துல தட்டிக்கோங்க):

=யூனிகோட்(மிட்(ஏ2, சீக்வென்ஸ்(லென்(ஏ2)), 1))

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கீழ்நோக்கி இறங்கும். 32ன்னா சாதாரண ஸ்பேஸ். 160ன்னா வரி உடையாத ஸ்பேஸ், வலைப்பக்கத்துல இருந்து காப்பி பண்ணினா ஒட்டிக்கிட்டு வர்றது. 9 டேப். 10, 13 வரி முறிவு. 8203, 8204, 8205, 65279 இதெல்லாம் அகலமே இல்லாத ஆசாமிங்க, திரையில தெரியவே தெரியாது.

எக்செல் டிரிம்முக்குத் தெரிஞ்ச ஸ்பேஸ் 32 மட்டும்தான். முன்னாடி, பின்னாடி இருக்கிறதை எடுக்கும், நடுவுல ரெண்டு மூணு இருந்தா ஒண்ணாக்கும். 160ஐத் தொடாது. கிளீன் எடுக்கிறது 0 முதல் 31 வரை. அதுலயும் ஒரு பொறி இருக்கு: வரி முறிவை எடுத்துட்டு அந்த இடத்துல எதையும் வைக்காது. ஒரே செல்லுல ரெண்டு வரியா இருந்த ‘பொதுக்’, ‘கிடங்கு’ ஒட்டிக்கிட்டு ‘பொதுக்கிடங்கு’ ஆயிடும். புதுசா ஒரு டூப்ளிகேட். அதனால 10, 13, 9, 160 நாலையும் முதல்ல சப்ஸ்டிட்யூட்ல ஸ்பேஸா மாத்துங்க, அதுக்கு மேல கிளீன், எல்லாத்துக்கும் வெளியில டிரிம்.

160க்கு கார்(160) போடாம யூனிகார்(160) போடுங்க. கார் கணினியோட எழுத்துத் தொகுதியைப் பார்த்து மாறும், யூனிகார் எங்கயும் ஒண்ணுதான்.

பவர் குவெரில (எக்செல்லோட டேட்டா இறக்குமதிக் கருவி) செய்யிறவங்களுக்கு: அங்க இருக்கிற டிரிம் ரெண்டு முனையை மட்டும்தான் வெட்டும், நடு ஸ்பேஸைத் தொடாது. பேர் ஒண்ணு, வேலை வேற. அதோட, பிவட் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை ஒண்ணாப் பார்க்கும். பவர் குவெரி பிரிச்சுப் பார்க்கும்.

#3 பாம்பாட்டி

48,000 ரோ என்றால் பாண்டாஸில் (பைத்தான் நிரல்மொழியின் தரவு நூலகம்) ஏற்றிவிடுவதே சுலபம். ஆனால் ஏற்றும்போதே பாதி சேதம் நடக்கும், அதைத் தடுத்துக்கொள்ளுங்கள்.

ரீட் சிஎஸ்வி அழைக்கும்போது டிடைப் எஸ்டிஆர் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் எண்கள் மட்டும் உள்ள குறியீட்டு நெடுவரிசையில் ‘007’ வெறும் 7 ஆகும். கீப் டிஃபால்ட் என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆக்காவிட்டால் ஆங்கில ‘என்ஏ’, ‘நல்’, ‘நான்’ எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வெற்று மதிப்பாகும். நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு ‘என்ஏ’ என்பதால், நாட்டு நெடுவரிசையில் அந்த நாடே காணாமல் போகும். எது வெற்று என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ‘-’, ‘இல்லை’ இரண்டும் ஒன்றுதானா என்று தரவைப் பதிந்தவரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். ‘இல்லை’ என்றால் ‘கிடங்குக்கே போகவில்லை’ என்ற பொருளும் இருக்கலாம்.

என்கோடிங் (எழுத்தை பைட்டாக எழுதும் முறை) யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். ஃபைலின் தலையில் 65279 உட்கார்ந்திருந்தால் படிக்கும் வழியைப் பொறுத்து அது முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால், ‘கிடங்கு’ என்று கூப்பிடும்போது அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும், பிரிண்ட் செய்து பார்த்தால் இருக்கும்.

பைத்தானின் ஸ்ட்ரிப் எக்செல் டிரிம்மைவிடப் பரந்தது, 160ஐயும் எடுக்கும். ஆனால் 8203, 8204, 8205, 65279 நான்கும் அதன் கணக்கில் ஸ்பேஸ் அல்ல. அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

மூல நெடுவரிசையை அழிக்காதீர்கள். ‘கிடங்கு_மூலம்’ அப்படியே இருக்கட்டும். சுத்தமானது வேறு நெடுவரிசை.

#4 புள்ளி_வைத்தவர்

உடைந்து நிற்கும் அந்த 600 ரோவைச் சரிசெய்யாமல் டிரிம், கிளீன், ஸ்ட்ரிப் எதையும் ஓட்ட வேண்டாம்.

யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதை விண்டோஸ்-1252 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய தொகுதி) என்று தவறாகப் படித்தால் ஒரு குறிக்கு மூன்று குறியாகத் தெரியும். நீங்கள் பார்ப்பது அதுவே. பைட்டுகள் முழுதாக இருக்கும்வரை இதைப் பின்னோக்கித் திருப்பிவிடலாம். ஒரு பைட் போனாலும் முடியாது.

சிக்கல் இங்கேதான். விண்டோஸ்-1252 தொகுதியில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழின் மூன்றாம் பைட்டுகளைப் பாருங்கள். புள்ளிக்கு (்) 141. உகரக் குறிக்கு (ு) 129. ஏ-வுக்கு 143. ஐ-க்கு 144. தமிழில் அதிகம் வரும் இரண்டு குறிகள் சரியாக அந்தக் காலி இடங்களில் விழுகின்றன. சில மென்பொருள்கள் இவற்றைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாக வைத்திருக்கும், சில கேள்விக்குறி போட்டுவிடும், சில விழுங்கிவிடும்.

லத்தீன்-1 (அதேபோன்ற இன்னொரு தொகுதி) என்று படித்திருந்தால் இன்னொரு ஆபத்து. அகரத்தின் மூன்றாம் பைட் 133. அது அந்தத் தொகுதியில் ‘அடுத்த வரி’ என்ற குறி. பைத்தான் அதை ஸ்பேஸ் வகையாகக் கருதும். ‘எல்லா ஸ்பேஸையும் ஒன்றாக்கு’ என்று ஒரு ரெஜெக்ஸ் (உரையில் வடிவம் தேடி மாற்றும் விதி) ஓட்டினால் அ-வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் நிரந்தரமாகக் கெடும்.

#5 எக்செல்_எலி

அப்போ 127, 129, 141, 143, 144, 157 இந்த ஆறையும் சப்ஸ்டிட்யூட் வெச்சு நீக்கணும்னு கிளீன் ஃபங்ஷனோட உதவிப் பக்கத்துலயே சொல்லியிருக்கே? அதைப் பார்த்துத்தான் பல பேரு ஒரு ஃபார்முலாவாவே வெச்சிருக்காங்க.

#6 புள்ளி_வைத்தவர்

நல்ல நிலையில் உள்ள உரைக்கு அந்த அறிவுரை சரி. உடைந்த தமிழுக்கு அதை ஓட்டினால் எல்லாப் புள்ளியும் எல்லா உகரமும் போய்விடும். பிறகு திருப்ப முயன்றால் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் மிஞ்சி, மாற்றமே நடக்காது.

#7 கிடங்குக்_கணக்கு

160ஐ மட்டும் முழு நெடுவரிசைக்கும் ஏற்கெனவே ஸ்பேஸாக மாற்றிச் சேமித்துவிட்டேன். அந்த 600 போனதா?

#8 புள்ளி_வைத்தவர்

தப்பித்தீர்கள். 160 மூன்றாம் பைட்டாக வரும் இடங்களில் தமிழ்த் தொகுதியில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை.

#9 பாம்பாட்டி

திருப்பும் முறை: உடைந்த உரையை எந்தத் தொகுதியாகத் தவறாகப் படித்தார்களோ அதே தொகுதியில் பைட்டாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படிப்பது. கைவேலையாகச் செய்தால் முட்டும். விண்டோஸ்-1252 கொடுத்தால் 141 வந்ததும் பைத்தான் பிழை காட்டும். லத்தீன்-1 கொடுத்தால் யூரோக் குறியோ வளைந்த மேற்கோளோ வந்ததும் பிழை காட்டும். இரண்டும் ஒரே செல்லில் இருக்கும்.

எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நூலகத்தில் ‘ஸ்லாப்பி-விண்டோஸ்-1252’ என்று ஒரு தொகுதி உண்டு, காலியான அந்த ஐந்து இடத்தையும் அப்படியே கடத்திவிடும். ஃபிக்ஸ் டெக்ஸ்ட் என்ற பெரிய ஃபங்ஷனை விட்டு ஃபிக்ஸ் என்கோடிங் மட்டும் கூப்பிடுங்கள். பெரியது வளைந்த மேற்கோளை நேராக்குவது போன்ற கூடுதல் வேலையும் செய்யும், இங்கே அது வேண்டாம். திரும்பிய ரோக்களில் 65533 (கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறி) எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மீளாதது, மூல ஃபைலுக்குத்தான் போக வேண்டும்.

இதோடு இன்னொன்று. ‘ஆங்கில எழுத்துதான், ஆனால் படித்தால் பொருளில்லை’ என்று ஏதாவது ரோ இருக்கிறதா? அது என்கோடிங் சிக்கல் இல்லை, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும். மாற்றும் முன் சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷனை அதன் அருகில் விடாதீர்கள். பாமினியில் பெரிய எழுத்து வேறு தமிழ் எழுத்து, சிறிய எழுத்து வேறு தமிழ் எழுத்து.

#10 சந்தேகப்_பேர்வழி

இவ்வளவு பாடு எதற்கு? ஆங்கிலத் தரவுக்கு எல்லோரும் செய்வதுதானே: என்எஃப்டி (கூட்டுக் குறிகளைப் பிரித்து எழுதும் யூனிகோட் வடிவம்) ஆக்கு, ஒட்டுக்குறிகளை நீக்கு, எழுத்தும் எண்ணும் ஸ்பேஸும் அல்லாததை ரெஜெக்ஸ் வைத்து வழி. மூன்று வரி.

#11 புள்ளி_வைத்தவர்

அந்த மூன்று வரியை ‘தீர்வு’ என்ற சொல்லில் ஓட்டிப் பார்ப்போம். உள்ளே இருப்பவை ஆறு குறிகள்: த, ீ, ர, ், வ, ு.

ஒட்டுக்குறிகளை நீக்கும் வழக்கமான நிரல், ‘இடம் பிடிக்காத ஒட்டு’ என்ற யூனிகோட் வகையை நீக்கும். தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகை. ஆகாரம், இகரம், உகரம் எல்லாம் ‘இடம் பிடிக்கும் ஒட்டு’ என்ற வேறு வகை. ஆகவே ீ, ் இரண்டும் போய் மிஞ்சுவது த, ர, வ, ு. அதாவது ‘தரவு’. பிழையும் வராது, எழுத்துப்பிழை போலவும் தெரியாது, வேறொரு நல்ல சொல்லே வந்து உட்காரும்.

மூன்றாவது வரி அதையும் விடாது. பைத்தானின் ரீ நூலகத்தில் ‘சொல் எழுத்து’ என்ற வகைக்குள் உயிர்க்குறிகள் எதுவும் சேராது. ‘தரவு’ அடுத்து ‘தரவ’ ஆகும். ரெஜெக்ஸ் என்ற பெயரில் தனியே நிறுவும் நூலகம் ஒட்டுக்குறிகளையும் எழுத்தாக எண்ணும், அதைப் பயன்படுத்துங்கள். அல்லது எதை நீக்குவது என்று பட்டியல் போட்டு நீக்குங்கள்: காற்புள்ளி, முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி, அடைப்புக்குறி, கோடுகள். கோடுகளில் 45, 8211, 8212, 8722 நான்கும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று.

#12 சந்தேகப்_பேர்வழி

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என்எஃப்கேசி? அது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருமே.

#13 பாம்பாட்டி

160ஐ 32 ஆக்கும், முழு அகல எண்களைச் சாதாரண எண்ணாக்கும், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் ‘மீ²’ என்பதை ‘மீ2’ ஆக்கும். ‘2½’ என்பதை 2, 1, பின்னக்கோடு, 2 என்று பிரித்துவிடும், அதாவது இரண்டரை என்பது 21/2 (பத்தரை) என்று படிக்கப்படும். அளவு நெடுவரிசைக்கு என்எஃப்கேசி ஆகாது. செய்யாததும் உண்டு: 8203ஐ நீக்காது, தமிழ் எண்ணை மாற்றாது, சிரிலிக்கின் 1072ஐ அதே உருவமுள்ள ஆங்கில 97 ஆக்காது. பெயர் நெடுவரிசைக்கு என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒட்டி ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) போதும்.

நான் பழகும் வரிசை: என்கோடிங், என்எஃப்சி, தெரியாத குறிகளை நீக்கல், ஸ்பேஸ், நிறுத்தக்குறி, எண், கடைசியாக மேப்பிங் (ஒவ்வொரு வடிவத்துக்கும் சரியான கிடங்கைப் பொருத்துவது).

#14 புள்ளி_வைத்தவர்

இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள்.

‘பொதுக் கிடங்கு’ மூன்றாகப் பிரிந்திருக்கிறது என்றாரே, அது பெரும்பாலும் இப்படி இருக்கும். ஒன்றில் ொ ஒரே குறி, 3018. இன்னொன்றில் ெ, ா என்று இரண்டு குறி, 3014, 3006. என்எஃப்சி இவை இரண்டையும் 3018 ஆக்கும். மூன்றாவதில் ெ, 8204, ா. நடுவில் அந்த 8204 இருக்கும்வரை என்எஃப்சிக்கு ஒட்டத் தெரியாது. முதலில் என்எஃப்சி, பிறகு 8204 நீக்கம் என்றால் ெ, ா பிரிந்தே நிற்கும். தெரியாத குறியை முதலில் எடுத்து, பிறகு என்எஃப்சி ஓட்டினால் மூன்றும் ஒன்று.

ஸ்பேஸ் அதற்கும் பிறகே. 8203 முன்னால், அதன்பின் ஸ்பேஸ், அதன்பின் சொல் என்று இருந்தால், முதலில் ஸ்ட்ரிப் ஓட்டியவருக்கு 8203 தடுப்புச் சுவர். அதை நீக்கியதும் முன் ஸ்பேஸ் வெளியே வந்துவிடும்.

சோதனை எளிது. முழு நிரலையும் இரண்டு தடவை ஓட்டுங்கள். இரண்டாம் தடவை ஒரு செல் மாறினாலும் வரிசை தவறு.

8204ஐ எல்லா இடத்திலும் நீக்கலாமா என்றால், ஒப்பிடும் நெடுவரிசையில் நீக்கலாம், காட்டும் நெடுவரிசையில் கூடாது. க்-கும் ஷ-வும் சேர்ந்து கூட்டெழுத்தாகாமல் பிரிந்து நிற்க வேண்டும் என்று வேண்டுமென்றே இட்டிருப்பார்கள்.

#15 கிடங்குக்_கணக்கு

அந்த வரிசையில் ஓட்டியதில் 1,312 இப்போது 417. ‘ஔடத’, ‘ஒளடத’ இரண்டும் இன்னும் பிரிந்தே நிற்கின்றன. ஒ, ள சேர்ந்து வந்தால் ஔ என்று ஒரே மாற்று போட்டுவிடட்டுமா?

#16 புள்ளி_வைத்தவர்

போட்டால் உங்கள் ‘ஒளிவிளக்குக் கிடங்கு’ கெடும், ஔ மேல் இகரம் ஏறி நிற்கும்.

ஔ ஒரே குறி, 2964. தவறாகத் தட்டுவது ஒ (2962), அடுத்து ள (2995). என்எஃப்சிக்கு இவை வெவ்வேறு எழுத்து, அது தொடாது. விதி இது: ஒ, ள வந்து, அதற்கு அடுத்து 3006 முதல் 3021 வரையுள்ள குறி (உயிர்க்குறி அல்லது புள்ளி) வராதபோது மட்டும் மாற்று. ‘ஒளிவிளக்கு’ தப்பும், ‘ஒளடதம்’ மாறும். ெ, ள சேர்க்கைக்கும் இதே நிபந்தனை. ‘மெளனம்’ மாறி ‘மௌனம்’ ஆக வேண்டும், ‘வெள்ளி’யில் கை வைக்கக் கூடாது. மாறியவற்றைப் பட்டியலிட்டு ஒரு தடவை கண்ணால் பாருங்கள். 417 தனி மதிப்பில் அது ஐந்து நிமிட வேலை.

எப்போதுமே பிழை என்று சொல்லக்கூடிய இரண்டு அடையாளம்: என்எஃப்சிக்குப் பிறகும் இரண்டு உயிர்க்குறி அடுத்தடுத்து வருவது, ஒரு சொல் உயிர்க்குறியில் தொடங்குவது. இவற்றைத் தானாகத் திருத்தாமல் தனியே ஒதுக்குங்கள். ா இருக்க வேண்டிய இடத்தில் ர தட்டியது (‘கால்’ என்பது ‘கரல்’) எந்த விதியிலும் சிக்காது, அகராதியோ ஆளோ பார்க்க வேண்டும். ‘ஸ்ரீ’யிலும் இரண்டு உண்டு. 2005இல் யூனிகோட் 4.1 உடன் வந்த ஶ-வில் தொடங்குவது ஒன்று, ஸ-வில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் உருவ வேறுபாடே இருக்காது.

‘கிடங்கு ௧’ பற்றி: ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055. 3046ஐக் கழித்தால் எண். அதில் ௧ தானா, அல்லது க என்ற எழுத்தா என்று எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ௨-உ, ௭-எ, ௮-அ ஜோடிகளும் அப்படியே. ௰, ௱, ௲ இந்தக் கழித்தலுக்குள் வராது.

#17 இடது_இணைப்பு

மேலே சொன்ன எண் விஷயத்தில் ஒரு கண்ணி. பைத்தானில் ‘௧’ என்பதை இன்ட் ஆக்கினால் 1 வந்துவிடும், ரெஜெக்ஸின் இலக்கச் சோதனையும் அதைத் தேறியதாகச் சொல்லும். அதே மதிப்பை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இன்டிஜராக (முழு எண்ணாக) மாற்றினால் பிழை. மாற்றாமல் தேறியது என்று நினைத்து அனுப்புவது அங்கே போய் நிற்கும்.

டேட்டாபேஸுக்குள் ஒப்பிடுபவர்களுக்கு: எஸ்கியூஎல் சர்வரில் சமக்குறி பின்னால் உள்ள ஸ்பேஸைக் கண்டுகொள்ளாது, லென் ஃபங்ஷனும் அதை எண்ணாது. டேட்டாலெங்த் எண்ணும். மைஎஸ்கியூஎலில் பழைய கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதித் தொகுப்புகள்) பின் ஸ்பேஸைப் புறக்கணிக்கும், 0900 வகை புறக்கணிக்காது. அதனால் ஒரே தரவு ஒரு சர்வரில் 40 என்றும் இன்னொன்றில் 43 என்றும் வரும். யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

#18 எக்செல்_எலி

417ல இருந்து 40க்கு ஃபஸி மேட்ச் (ஏறக்குறைய ஒத்ததைச் சேர்க்கிறது) போட்டா ஆச்சே? 90 மார்க்குக்கு மேல வந்தா ஒண்ணுன்னு எடுத்துக்கலாம்.

#19 பாம்பாட்டி

இந்தத் தரவிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேபிட்ஃபஸ் என்ற பைத்தான் நூலகத்தின் ரேஷியோ என்பது பொதுவான குறிகளின் எண்ணிக்கையை இரட்டித்து, இரண்டு சொல்லின் மொத்த நீளத்தால் வகுப்பது.

‘கிடங்கு 1’ 9 குறி, ‘கிடங்கு 11’ 10 குறி, பொதுவானது 9. 18ஐ 19ஆல் வகுத்தால் 94.7. இவை வெவ்வேறு கிடங்குகள்.

‘கிடங்கு 1’ 9 குறி, ‘1ஆம் கிடங்கு’ 12 குறி, பொதுவானது 7. 14ஐ 21ஆல் வகுத்தால் 66.7. இவை ஒரே கிடங்கு.

90 என்று கோடு போட்டால் சேரக்கூடாதது சேரும், சேர வேண்டியது சேராது. சொற்களை அடுக்கி ஒப்பிடும் டோக்கன் சார்ட் ரேஷியோவில்கூட இரண்டாவது ஜோடி 85.7 தான்.

எண்ணையும் சொல்லையும் முதலில் பிரியுங்கள். எண் தனி நெடுவரிசையில், முன் பூச்சியம் நீக்கி, சரிசமமாக மட்டும் ஒப்பிட வேண்டும். ‘ஆம்’, ‘எண்’, ‘நெ.’ போன்ற ஒட்டுகளைத் தனிச் சொல்லாக அல்லது எண்ணை ஒட்டி வந்தால் மட்டும் நீக்குங்கள். மிஞ்சிய சொல்லுக்கு மட்டும் ஃபஸி, அதுவும் எண் பொருந்திய குழுவுக்குள் மட்டும். குழு பிரிக்காமல் ஓட்டினால் 417க்கு வலிக்காது. 10,000 தனி மதிப்புள்ள நெடுவரிசையில் ஒப்பீடுகள் 4,99,95,000. எப்போதும் ரோக்களை விட்டுத் தனி மதிப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

நிரல் எழுத விருப்பமில்லை என்றால் ஓப்பன்ரிஃபைன் என்ற தரவு சுத்தம் செய்யும் மென்பொருள். அதன் ஃபிங்கர்பிரிண்ட் முறை நிறுத்தக்குறியை நீக்கிச் சொற்களை அடுக்கிச் சாவியாக்கும், ‘கிடங்கு, பொது’வும் ‘பொது கிடங்கு’ம் சேர்ந்துவிடும். மெட்டாஃபோன் போன்ற ஒலிமுறைகள் ஆங்கில ஒலிக்கானவை, தமிழுக்குத் தொட வேண்டாம். லெவன்ஷ்டைன் முறையில் (எத்தனை குறி மாறுகிறது என்று எண்ணி ஒப்பிடுவது) பிளாக் காரெக்டர்ஸ் என்று ஓர் எண் கேட்கும், தொடக்கத்தில் 6 இருக்கும். பொதுவான ஆறு குறித் துண்டு இல்லாத ஜோடியை அது ஒப்பிடவே செய்யாது. தமிழில் ஆறு குறி என்றால் மூன்றே எழுத்தாக இருக்கலாம், சிறு சொற்களுக்கு 3 ஆக்குங்கள்.

#20 இடது_இணைப்பு

ஃபஸியின் விடையை நேராகத் தரவில் எழுதக் கூடாது. அது பரிந்துரை மட்டும்.

ஒரு மேப்பிங் டேபிள் வையுங்கள். நான்கு நெடுவரிசை: சுத்தம் செய்த சாவி, சரியான கிடங்கு எண், முடிவு செய்தவர், தேதி. 417 சாவியையும் அதில் ஏற்றி, அதிக ரோ உள்ளதில் தொடங்கி நிரப்புங்கள். வழக்கமாக மேலே உள்ள சிலவே பெரும்பங்கு ரோவைப் பிடித்திருக்கும், அடியில் ஒன்றிரண்டு ரோ உள்ளவை நீண்ட வால். தரவோடு லெஃப்ட் ஜாயின் (தரவின் எல்லா ரோவையும் வைத்துக்கொண்டு சாவியால் இணைப்பது) செய்தால், எண் கிடைக்காதவை எல்லாம் தானாக ‘பார்க்க வேண்டியவை’ பட்டியல். அடுத்த மாத ஃபைல் வரும்போது புதிதாக முளைத்த வடிவங்கள் மட்டும் அதில் விழும்.

மேப்பிங் டேபிளில் சாவி ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது. ஒரு சாவி இரண்டு தடவை இருந்தால் ஜாயினில் அந்த ரோக்கள் இரட்டிக்கும், கூட்டுத்தொகை ஏறும், காரணம் தேடி ஒரு நாள் போகும். டேபிளில் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். பாண்டாஸில் மெர்ஜ் செய்யும்போது வேலிடேட் என்பதில் பல-க்கு-ஒன்று என்று கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடும். ஜாயினுக்கு முன்னும் பின்னும் 48,000 இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் மேலான காவல்.

#21 கிடங்குக்_கணக்கு

நன்றி. ஒரு கேள்வி பாக்கி. மேப்பிங் முடிந்த ஃபைலைச் சரிபார்க்க எக்செல்லில் திறந்தால், ‘அடுக்கு’ நெடுவரிசையில் ‘3-4’ என்று இருந்தவை தேதியாகிவிடுகின்றன. நிரலில் பார்த்தால் சரியாக இருக்கிறது.

#22 எக்செல்_எலி

டபுள் கிளிக் பண்ணித் திறக்காதீங்க. திறந்து சேவ் பண்ணினா ‘3-4’ தேதியா, ‘1இ5’ மாதிரி (நடுவுல ஆங்கில எழுத்து) ரேக் குறியீடு 1,00,000ஆ, 16 இலக்கக் குறியீட்டோட கடைசி இலக்கம் பூச்சியமா நிரந்தரமா எழுதப்பட்டுடும். மரபணுப் பெயர்கள் இப்படியே மார்ச், செப்டம்பர்னு தேதியா மாறிக்கிட்டே இருந்துச்சு. கடைசில 2020ல பெயர் வைக்கிற குழுவே அந்த மரபணுக்களோட பெயரை மாத்திடுச்சு.

டேட்டா டேப்ல ‘டெக்ஸ்ட்/சிஎஸ்வியில் இருந்து’ன்னு எடுங்க. ஃபைல் மூலம் 65001 யூடிஎஃப்-8ன்னு வைங்க, டேட்டா டைப் டிடெக்‌ஷன்ல ‘கண்டுபிடிக்காதே’ன்னு தேர்வு பண்ணுங்க. எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட்டா வரும்.

டூப்ளிகேட் தேட கவுன்டிஃப் போடுறீங்கன்னா அதுவும் ஜாக்கிரதை. டெக்ஸ்ட்டா இருந்தாலும் எண் மாதிரி தெரிஞ்சா எண்ணாத்தான் ஒப்பிடும், ‘01’உம் ‘1’உம் அதுக்கு ஒண்ணு, 15 இலக்கம் ஒத்துப்போனா 16ஆவது வேறயா இருந்தாலும் ஒண்ணு. நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் மதிப்புக்குள்ள இருந்தா எதையும் பிடிக்கிற குறியா எடுத்துக்கும். எக்ஸாக்ட் ஃபங்ஷனை சம்புராடக்ட்டுக்குள்ள போட்டு எண்ணுங்க.

இனிமே தட்டுறவங்களுக்கு டிராப்டவுன் வைக்கலாம். ஆனா டேட்டா வேலிடேஷன் கையால தட்டுறதை மட்டும்தான் தடுக்கும். வேற இடத்துல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா பேசாம விட்டுடும், சில சமயம் டிராப்டவுனையே அழிச்சுட்டு உட்காரும்.

#23 இடது_இணைப்பு

அதனால்தான் பூட்டு டேபிளில் இருக்க வேண்டும். கிடங்கு எண்ணுக்கு ஃபாரின் கீ (மூல டேபிளில் உள்ள எண்ணை மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு) போட்டு, 40 பெயரும் ஒரே ஒரு டேபிளில். பெயரைத் தட்டும் இடமே பதிவுத் திரையில் இருக்கக் கூடாது.

#24 கிடங்குக்_கணக்கு

மேப்பிங் நிரப்பியாயிற்று. 417 சாவியில் 398 பொருந்தின, 19 ஒதுக்கப்பட்டுள்ளன, ரோ எண்ணிக்கை ஜாயினுக்குப் பிறகும் 48,000. 19இல் ஏழு ‘கிடங்கு க’வின் வெவ்வேறு வடிவங்கள். குறியீட்டு எண் 2965 என்கிறது, ஆகவே எழுத்துதான்.

#25 புள்ளி_வைத்தவர்

2965 என்பதால் மட்டும் ‘1’ இல்லை என்று ஆகிவிடாது. ௧ தட்டத் தெரியாமல் க தட்டியிருக்கலாம், ‘க பிரிவு’ என்று உண்மையாகவே ஒன்று இருக்கலாம். அதே ரோக்களில் அடுக்கு எண், சரக்கு வகை இரண்டையும் ‘கிடங்கு 1’ இன் ரோக்களோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஏழையும் ஒதுக்கிலேயே விடுங்கள்.